எட்டுப் பங்கு நல்ல தண்ணி எங்கே?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம ராமநாதபுரம் கடக்கரை ஊருங்கள்ல வீட்டுச் சாக்கடை கடைசியா எங்க போய்ச் சேருதுன்னு ஒரு பக்கம் எழுதினேன், ஒவ்வொரு டவுனுக்கும் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம் வேணும்னு முடிச்சிருந்தேன். அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நெனக்கல. நான் என்ஜினியர் கிடையாது, பம்ப் ஆபரேட்டரா சேர்ந்து பிளாண்ட் சூப்பர்வைசரா ரிட்டயர்டு ஆனவன், கையில வேலை பாத்ததை வச்சு சொல்றேன்.

குண்டாறுன்னு பேருதான் ஆறு, வருஷத்துல பாதிக்கு மேல வெறும் மணலும் சீமைக்கருவையும்தான். அந்த ஆத்தைக் காப்பாத்த கோடிக்கணக்குல சாக்கடை பிளாண்ட் வேணும்ங்கிறீங்க. தண்ணியே இல்லாத ஆத்துல எதைய்யா காப்பாத்தப் போறீங்க?
— ஒரு விவசாயி, சாயல்குடி

அண்ணே, கோவமா கேட்டாலும் சரியான எடத்துலதான் கை வச்சிருக்கீங்க. தண்ணி ஓடாத ஆறுங்கிறதாலதான் நமக்கு பிளாண்ட் இன்னும் ஜாஸ்தி தேவை.

இங்கிலாந்துல 1912ல ஒரு ராயல் கமிஷன் ஒரு கணக்கு சொல்லுச்சு, சுத்தம் பண்ணின சாக்கடைத் தண்ணிய ஆத்துல விடணும்னா அதுல பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு உள்ள இருக்கணும், கரையாம மிதக்கிற கசடு 30க்கு உள்ள இருக்கணும்னு. பிஓடின்னா வேற ஒண்ணுமில்ல, தண்ணியில கெடக்கிற அழுக்கைத் தின்னு தீக்கிறதுக்கு நுண்ணுயிருங்க எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கும்ங்கிற அளவு. அந்த 20-30 கணக்கை ரொம்ப காலம் பல நாடுங்க அப்படியே எடுத்து வச்சுக்கிட்டாங்க, ஆனா அதுக்குக் கீழ ஒரு கண்டிஷன் இருந்துச்சு, அதை மட்டும் பாதிப்பேர் கண்டுக்கவே இல்ல. ஒரு பங்கு சாக்கடைத் தண்ணிக்கு எட்டுப் பங்காவது நல்ல தண்ணி ஆத்துல ஓடிக்கிட்டு இருக்கணும், அப்பத்தான் இந்தக் கணக்கு செல்லும்!

சித்திரை மாசம் குண்டாத்துல எட்டுப் பங்கு வேணாம், ஒரு பங்கு காட்டுங்க பாப்போம். வைகையும் அதே கதைதான், நம்ம பக்கம் வந்து பெரிய கண்மாய்ல அடங்கிரும், மிஞ்சினாத்தான் ஆற்றங்கரை வழியா கடலுக்குப் போகும், சிவனுக்கு விஷம் கொடுத்த கடல்ல நான் சேர மாட்டேன்னு வைகை கோவிச்சுக்கிச்சுன்னு பெரியவங்க கதையே சொல்லுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல நாம விடுற தண்ணியில கலந்து நீர்த்துப் போக வேற தண்ணி இல்ல, நாம விடுறதுதான் அந்த ஆறே. கங்கைக் கரையில பிளாண்ட் ஒரு வாரம் படுத்துருச்சுன்னா ஆறு கொஞ்சமாவது இழுத்துட்டுப் போகும், நம்ம ஊர்ல அது அங்கயே நிக்கும்.

அது நிக்கிற எடத்தைப் போய்ப் பாத்திருக்கீங்களா? முகத்துவாரத்துல அலை மணலைத் தள்ளித் தள்ளி ஒரு திட்டு போட்டு மூடிரும், அதுக்கு உள்பக்கம் தண்ணி கருப்பா தேங்கிக் கெடக்கும், சுடுற வெயில்ல அடியிலேர்ந்து குமிழி வரும், முட்டை அழுகின நாத்தம். தண்ணி சூடாக ஆக அதுல ஆக்சிஜன் நிக்காது, 30 டிகிரியில நல்ல தண்ணியிலயே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரையும், மீனுக்கு நாலஞ்சாவது வேணும். மிச்சம் எவ்வளவு இருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க. அப்புறம் ஐப்பசியில மழை புடிச்சதும் அத்தனை மாசமா தேங்கினதை மொத வெள்ளம் ஒரே இழுப்புல கடல்ல கொண்டுபோய்க் கொட்டும். மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் கழிமுகத்துக்குள்ள ஏறி வர்ற பருவமும் அதுதான்.

இன்னொண்ணு, தண்ணி இல்லங்கிறீங்க, மேலதான் இல்ல. ஆத்து மணல்ல ஊத்து தோண்டி செரட்டையில மோந்து குடம் நெரப்புற பொம்பளைங்கள கேளுங்க, தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுவாங்க. மேல விடுற சாக்கடை அந்த ஊத்துக்குத்தான் எறங்குது.

ஒரு கணக்கு சொல்றேன். 60,000 பேர் இருக்கிற ஒரு டவுன், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி, அதுல 80 சதவீதம் சாக்கடையா திரும்பி வரும், அப்ப தினம் 65 லட்சம் லிட்டர். நம்ம வீட்டுச் சாக்கடையில பிஓடி சுமாரா லிட்டருக்கு 250 மில்லிகிராம்னு வச்சுக்கங்க, அப்படியே விட்டா அது தினம் 1,600 கிலோ ஆக்சிஜனைக் கேக்கும், அதாவது சுமார் 21 கோடி லிட்டர் நல்ல தண்ணியில இருக்கிற ஆக்சிஜன் பூராவும். பிளாண்ட் ஒழுங்கா ஓடி 20க்கு கொண்டு வந்தா அதே தண்ணி 130 கிலோதான் கேக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017ல சின்ன ஊருக்கு 30 வரைக்கும் பரவால்லன்னுச்சு, பசுமைத் தீர்ப்பாயம் 2019ல அதெல்லாம் பத்தாது 10க்கு எறக்குங்கன்னுச்சு. நம்ம ஆத்தோட லட்சணத்துக்கு என்னைக் கேட்டா 10தான் சரி.

நான் குளியலறையில ஊத்துற தண்ணி அந்த நிலையத்துக்குள்ள போயி என்னதான் ஆகுது? மருந்து ஏதும் போட்டு சுத்தம் பண்ணுவாங்களா? புரியுற மாதிரி சொல்லுங்க காக்கா.
— ஒரு இல்லத்தரசி, கீழக்கரை

மருந்தெல்லாம் கடைசியில கொஞ்சூண்டு குளோரின்தான் லாத்தா, முக்காவாசி வேலைய செய்யுறது உயிரு. அதைத்தான் பெரிய பெரிய அதிகாரிங்களுக்குக்கூட புரிய வைக்க முடியாம நான் ரிட்டயர்டு ஆனேன்.

நம்ம ஊரு தரை தட்டையா கெடக்கிறதால சாக்கடை தானா ஓடி வராது, அங்கங்க பம்ப் ரூம் வச்சுத் தூக்கி விடணும். பிளாண்டுக்கு வந்ததும் மொதல்ல கம்பித் தடுப்பு. அதுல மாட்டுறதைப் பாத்தா ஊரோட ஜாதகமே தெரியும், ஷாம்பு பாக்கெட்டு, நாப்கின், குழந்தை டயப்பர், தலைமுடி, பாக்குக் கவரு, வெங்காயச் சருகு, ஒரு தடவ முழுசா ஒரு கைலி. அடுத்து மணல் தொட்டி, கடக்கரை ஊருங்கிறதால நம்ம வீட்டுத் தண்ணியில மணல் அள்ளிக்கிட்டு வரும், அதை எடுக்கலன்னா பம்போட எறக்கை ஆறு மாசத்துல தேஞ்சுரும். அப்புறம் தண்ணி ஒரு தொட்டியில அசையாம கொஞ்ச நேரம் நிக்கும், கனமானது அடியில படியும், எண்ணெ மேல மிதக்கும், இதுலயே பிஓடியில மூணுல ஒரு பங்கு கிட்ட போயிரும்.

மிச்சம் இருக்கிறது தண்ணியோட கரைஞ்சு போன அழுக்கு, அதைப் புடிக்க வலை கிடையாது, தின்னுதான் தீக்கணும். அதுக்குத்தான் காத்துத் தொட்டி. பெரிய ஊதுகாத்து மிஷின் வச்சு அடியிலேர்ந்து காத்தை விட்டுக்கிட்டே இருப்பாங்க, தொட்டி பூரா கோடானு கோடி பாக்டீரியா, காத்தை சுவாசிச்சுக்கிட்டு அழுக்கைத் தின்னு பெருகும். நல்லா இருக்கிற தொட்டி கெட்டி டீ கலர்ல இருக்கும், நாத்தம் அடிக்காது, மொத மழை பேஞ்ச மண்ணு வாசம்தான் வரும். மைக்ரோஸ்கோப்ல ஒரு சொட்டு வச்சுப் பாத்தா தண்டு வச்ச குட்டி மணி மாதிரி ஒண்ணு டக்கு டக்குனு சுருங்கி விரியும், அது தெரிஞ்சா தொட்டி நல்லா இருக்குன்னு நிம்மதியா டீ குடிக்கப் போகலாம்.

இப்ப நீங்க வீட்டுல செய்யுற வேலை ஒண்ணு வருது. தயிருக்கு உறை ஊத்துறீங்கள்ல, நேத்துத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து வச்சு இன்னைக்குப் பாலுக்கு ஊத்துவீங்க, அதே கதைதான். காத்துத் தொட்டியிலேர்ந்து வர்ற தண்ணி அடுத்த தொட்டியில தெளியும்போது அடியில படியுற சேறு பூராவும் அந்த உயிருங்கதான், அதுல பெரும்பங்கை மறுபடி காத்துத் தொட்டிக்கே பம்ப் பண்ணி அனுப்பிருவாங்க. இதைக் கண்டுபுடிச்சது மான்செஸ்டர்ல ஆர்டன், லாக்கெட்னு ரெண்டு பேரு, 1914ல. அதுக்கு முன்னாடி காத்து விட்டு சுத்தம் பண்ண வாரக்கணக்குல ஆகும், இவங்க அந்தச் சேத்தைக் கீழ ஊத்தாம வச்சு வச்சு அடுத்த தண்ணியில சேத்தாங்க, ஒரு நாளுக்குள்ள வேலை முடிஞ்சுது. உறை மோரை வீசிட்டு தினம் புதுசா தயிர் உண்டாக்கப் பாத்தா எப்படி, அவ்வளவுதான் விஷயம். தெளிஞ்ச தண்ணிக்கு குளோரின் போட்டு அரை மணி நேரம் நிறுத்தி வெளிய விடுவாங்க, மிஞ்சின சேத்தை மணல் பாத்தியில காய வைப்பாங்க, நம்ம வெயிலுக்கு ரெண்டு வாரத்துல அப்பளமா வெடிச்சு நிக்கும்.

ஆக அது ஒரு மாடு மாதிரி லாத்தா. தினம் தீவனம் வேணும், எந்நேரமும் காத்து வேணும், லீவு கிடையாது. நான் வேலை பாத்த ஒரு ஊர்ல ஒரு புயலுக்கு ரெண்டு நாள் முழுசா கரண்டு இல்ல, ஜெனரேட்டர் இருந்துச்சு, டீசல் வாங்க பில்லு பாஸாகல. மூணாம் நாள் காலையில போறேன், டீ கலர்ல இருந்த தொட்டி தார் மாதிரி கருத்துப் போயிருக்கு, கேட்டுக்கு வெளியவே நாத்தம். பக்கத்து ஊரு பிளாண்டுல கெஞ்சிக் கூத்தாடி நாலு லாரி சேறு வாங்கியாந்து ஊத்தி, பழைய நெலமைக்கு வர மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் கருப்புத் தண்ணிதான் ஓடைக்குப் போச்சு, கட்டடம் என்னவோ பெயிண்டு அடிச்சு ஜம்முனுதான் நின்னுச்சு. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வர்ற கூட்டத்துல ஒருத்தராவது டீசலுக்கு பட்ஜெட் எவ்வளவுன்னு கேக்க மாட்டாங்களான்னு இருக்கும் எனக்கு.

கடல் எவ்வளவு பெருசு. ஒரு டவுன் சாக்கடை அதுல போயி என்ன செஞ்சிரும்? எங்க பாடுக்கு ஆயிரம் பிரச்சனை இருக்கு, இது ஒரு பிரச்சனையா?
— ஒரு மீனவர், பாம்பன்

தம்பி, நீங்க வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) ரெண்டும் பாத்தவரு, உங்களுக்கு நான் கடலைப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா பெருசுங்கிறது வேற ஆழம்ங்கிறது வேற. வடகடல் ஒரு பெரிய தட்டு மாதிரி, பல எடத்துல பத்துப் பன்னெண்டு மீட்டருக்கு மேல ஆழம் கெடையாது, கரையோரம் இன்னும் கம்மி, இடுப்பளவு தண்ணியில நடந்தே எவ்வளவு தூரம் போகலாம். கரையில விட்டது நடுக்கடலுக்கு ஓடிப் போயிராது, காத்து திரும்புற வரைக்கும் அங்கனயே சுத்தும்.

அந்த மேட்டுக்கடல்லதான் கடல்புல்லு இருக்கு. நீலக்கால் நண்டு, இறால், ஊடகம் மீனு, ஓரா மீனு எல்லாம் குஞ்சுல ஒளிஞ்சு வளர்ற எடம் அது, ஆவுளியா, அதான் கடல்பசு, ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கிலோ புல்லு மேயும். புல்லுக்கு வெளிச்சம் வேணும், அவ்வளவுதான் அது கேக்குறது. சாக்கடையில வர்ற நைட்ரஜனும் பாஸ்பரசும் உரம் மாதிரி, ஆனா புல்லுக்குப் போய்ச் சேராது, மொதல்ல தண்ணியில மிதக்கிற பாசிதான் அதை எடுத்துக்கும். தண்ணி பச்சையாகும், வெளிச்சம் அடிக்குப் போகாது, புல்லோட இலை மேலயே பழுப்பா வழவழன்னு ஒண்ணு படியும், தாளு அழுகி மேல வரும். வலை இழுக்கும்போது அந்த வழவழப்பு கையில ஒட்டியிருந்தா சோப்பு போட்டாலும் போகாது, நீங்களே பாத்திருப்பீங்க.

தென்கடல் பக்கம் பவளப்பாறை. பாம்பன்லேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, 1989ல உயிர்க்கோளக் காப்பகம். கடல் சூடாகி 1998, 2010, 2016ன்னு பல தடவ பவளம் வெளுத்துச்சு, சூட்டை நம்ம டவுன் பஞ்சாயத்து ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா வெளுத்த பவளம் திரும்பி உயிர் புடிக்கிற நேரத்துல அது மேல பாசி படர்ந்துருச்சுன்னா புதுப் பவளம் ஒட்டவே எடம் கிடைக்காது, அந்தப் பாசிக்குச் சோறு போடுறது கரையிலேர்ந்து போற தண்ணி. இது நம்ம கையில இருக்கு.

ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும், சாதாரண பிளாண்டு பிஓடியைத்தான் நல்லா எறக்கும், நைட்ரஜனை அவ்வளவா எடுக்காது. அதுக்குக் காத்து இல்லாத தொட்டி ஒண்ணு தனியா வச்சு, காத்துத் தொட்டித் தண்ணிய அதுக்குள்ள சுத்த விடணும், அப்ப நைட்ரேட்டு வாயுவா பறந்துரும். நம்ம கரையில புதுசா கட்டுற எந்த பிளாண்டா இருந்தாலும் இந்தத் தொட்டி இருக்கான்னு மீனவர் சங்கம் கேக்கணும்னு நான் சொல்லுவேன். பாடு பாதிக்கப்படப் போறது உங்களுக்குத்தானே.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு இங்க கூட்டம் தாங்காது, லாட்ஜ் எல்லாம் ஃபுல்லு. அன்னைக்கு ஒரு நாள் வர்ற தண்ணிய பிளாண்ட் எப்படித் தாங்கும்?
— லாட்ஜ் மேனேஜர், ராமேஸ்வரம்

மாட்டுக்கு ஒரே நாள்ல பத்து நாள் தீவனத்தை வச்சா என்ன ஆகும், அதேதான். பிளாண்டுக்கு முன்னாடி பெருசா ஒரு சேமிப்புத் தொட்டி இருக்கணும், வர்றதை அதுல வாங்கி வச்சு ராத்திரி, மறுநாள்னு கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடணும். உஷாரான ஆபரேட்டர்னா பத்து நாள் முன்னாடியிருந்தே சேத்தை வெளிய எடுக்கிறதைக் குறைச்சு உயிருங்க எண்ணிக்கைய ஏத்தி வச்சுக்குவாரு. உங்க பங்குக்கு, திருவிழா முடிஞ்ச மறுநாள் லாட்ஜ் பூரா ஆசிட் ஊத்தி பாத்ரூம் கழுவுறீங்கள்ல, அதை ஒரே நாள்ல எல்லா லாட்ஜும் செய்யாதீங்க. ஏற்கனவே மூச்சு முட்டிக் கெடக்கிற தொட்டியில அந்த ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேந்து வந்தா அப்புறம் உறை ஊத்த மோரே மிஞ்சாது.

எங்க ஊர்ல பாதாள சாக்கடையே கிடையாது, செப்டிக் டேங்க்தான். எங்க டேங்க் பதினஞ்சு வருஷமா நெறையவே இல்ல, அவ்வளவு நல்லா கட்டியிருக்கார் மேஸ்திரி. எங்களுக்கு எதுக்கு சார் பிளாண்ட்?
— ஒரு வாசகர், பெரியபட்டினம்

பதினஞ்சு வருஷமா நெறையலயா, அய்யய்யோ. தம்பி, உண்மையான செப்டிக் டேங்க் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்தே ஆகணும். உங்களோடது நெறையலன்னா அது டேங்க் இல்ல, அடியில தளம் போடாம உறை எறக்கின குழி. அத்தனையும் மணலுக்குள்ள எறங்கிப் போய்க்கிட்டு இருக்கு. மேஸ்திரி நல்லாக் கட்டல, கட்டவே இல்ல.

நம்ம கரையில எட்டடி பத்தடியில தண்ணி. அதே மனையில ஒரு மூலையில குழி, எதிர்மூலையில கைபம்பு. குழிக்கும் கெணத்துக்கும் குறைஞ்சது பத்து மீட்டராவது எடைவெளி வேணும்பாங்க, அஞ்சு சென்ட் மனையில அது எங்க இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் குழி உங்க பம்புக்குப் பக்கத்துல இருக்கும். கிருமிய மணல் ஓரளவு வடிகட்டும், நைட்ரேட்டை வடிகட்டாது, அது தண்ணியோட தண்ணியா போகும். குடிக்கிற தண்ணியில நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, போனா கைக்குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் சேராம ஒடம்பு நீலம் பாரிச்சுரும். காவிரித் தண்ணி வந்தப்புறம் குடிக்க பம்புத் தண்ணி எடுக்கிறதில்லம்பீங்க, காவிரி மூணு நாள் வரலன்னா பால் பவுடரை எதுல கலக்குவீங்க?

உங்க மாதிரி சின்ன ஊருக்கு தெருவெல்லாம் தோண்டி குழாய் போட வேண்டியதில்ல. மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம்னு சின்னதா ஒண்ணு இருக்கு, வீட்டு டேங்க்ல எடுக்கிறதை லாரியில கொண்டாந்து அங்க கொட்டுவாங்க, பாத்தியில தண்ணி வடிஞ்சு கசடு காஞ்சு உரமாகும், வடிஞ்ச தண்ணி குட்டை குட்டையா தாண்டி சுத்தமாகும். மதுராந்தகத்துக்குப் பக்கத்துல கருங்குழியில இப்படி ஒண்ணு இருக்கு, கரண்டுச் செலவும் கம்மி. நம்ம ஊரு வெயில வச்சுக்கிட்டு இதைச் செய்யாம இருக்கிறதுதான் எனக்குப் புரியாத ஒண்ணு.

அதுவரைக்கும் லாரிக்காரர் எங்க கொட்டுறார்னு பாருங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கண்மாய்க் கரையில லைட்டை அணைச்சுட்டு நிக்கிற டேங்கர் எதுக்கு நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், வீட்டுச் சாக்கடைய விட பல மடங்கு கெட்டியான சரக்கு அது, ஒரு லோடு போதும் ஒரு ஊருணிய நாசம் பண்ண. லைசென்ஸ் வச்ச வண்டிக்கு 14420க்கு போன் பண்ணலாம். முக்கியமா, எவ்வளவு அடைப்பா இருந்தாலும் ஆளை உள்ள எறக்காதீங்க, காசு கம்மியா கேட்டாலும் சரி அவரே எறங்குறேன்னு சொன்னாலும் சரி. 2013 சட்டப்படி அது குத்தம், அதை விட உள்ள இருக்கிற வாயுவுக்கு ஒரு மூச்சு போதும். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் அப்படிப் போயிருக்காங்க, இதுக்கு மேல எழுத வரல.

சுத்தம் பண்ணின தண்ணிய முண்டு மிளகாய்க்குப் பாய்ச்சலாமா?
— ஒரு வாசகர், முதுகுளத்தூர் பக்கம்

பாய்ச்சலாம், ஆனா உப்பைப் பாத்துட்டு. பிளாண்டு அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது, உள்ள போன உப்பு அப்படியே வெளிய வரும். நம்ம கரையில குழாய் விரிசல் வழியா உவர் தண்ணி வேற சாக்கடையில கசிஞ்சு சேரும், அதனால மதுரையில வர்ற சுத்திகரிச்ச தண்ணியும் நம்ம ஊர்ல வர்றதும் ஒண்ணு இல்ல. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புங்களோட மொத்த அளவு) எவ்வளவு, சோடியம் எவ்வளவுன்னு டெஸ்டு எடுக்காம கரிசல்ல விட்டீங்கன்னா ரெண்டே வருஷத்துல மண்ணு இறுகிப் போயிரும், 2023ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாய்க்கு அந்தக் கதி வேணாம். உப்பு கம்மியா இருந்தா வாய்க்கால்ல விடாம சொட்டுநீர்ல விடுங்க, தண்ணி பழத்து மேல படக்கூடாது, காய வைக்கிற களத்துலயும் தெளிக்கக் கூடாது. பச்சையா திங்கிற கீரை, வெள்ளரிக்கு வேணவே வேணாம். தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் தாராளமா விடலாம்.

பிளாண்ட் பக்கத்துல வீடு வாங்கினோம், சாயங்காலமானா நாத்தம் தாங்கல.
— ஒரு வாசகி, ராமநாதபுரம்

ஒழுங்கா ஓடுற பிளாண்டுல தண்ணி வந்து விழுற எடத்துலதான் கொஞ்சம் நாத்தம் வரும். காத்துத் தொட்டியிலேர்ந்தே நாத்தம் வந்தா ஊதுகாத்து மிஷினை நிறுத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், பிளாண்டோட கரண்டு பில்லுல பாதிக்கு மேல அந்த மிஷினுக்குத்தான், அதனால மொத கை வைக்கிறதும் அதுலதான். சாயங்காலம் மட்டும்னு சொல்றீங்க பாருங்க, எந்த மணியிலேர்ந்து எந்த மணி வரைக்கும்னு ஒரு வாரம் நோட்டுல குறிச்சு வச்சு அதோட மனு கொடுங்க, வெறுமனே நாத்தம்னு எழுதினா பதில் வராது.

அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?
— குறும்புக்கார வாசகர், தொண்டி

நம்ம பிளாண்டுத் தண்ணியவா, மாட்டேன். ஆனா நமீபியாவுல விண்ட்ஹோக்னு ஒரு ஊரு, நம்மள மாதிரியே காஞ்ச பூமி, 1968லேர்ந்து சாக்கடைத் தண்ணிய இன்னும் பல கட்டம் சுத்தம் பண்ணி குடிதண்ணியில கலந்துதான் குடிக்கிறாங்க. அங்க போனா அந்தத் தண்ணிய ஒரு டம்ளர் என்ன, ரெண்டு டம்ளர் குடிப்பேன்.

எட்டாம் வகுப்புப் பசங்களை பக்கத்து ஊரு சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க என்ன காட்டலாம், என்ன கேக்கலாம்?
— ஒரு ஆசிரியை, மண்டபம்

டீச்சர், ரொம்ப சந்தோஷம். போர்டுல இருக்கிற படத்தை எழுதிக்கச் சொல்லாதீங்க, நேரா காத்துத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க, கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. ஆபரேட்டர்கிட்ட ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி இருக்கும், அதுல தொட்டித் தண்ணிய மோந்து வெயில் படாத எடத்துல அசைக்காம வைக்கச் சொல்லுங்க, அரை மணி நேரம். மொத அஞ்சு நிமிஷம் ஒண்ணும் தெரியாது, பசங்க சலிச்சுக்குவாங்க, அப்புறம் டீ கலரு திடீர்னு ரெண்டாப் பிரிஞ்சு மேல தெளிஞ்ச தண்ணி, கீழ பஞ்சு மாதிரி சேறுன்னு எறங்க ஆரம்பிக்கும். அரை மணி முடிஞ்சதும் சேறு எத்தனையாவது கோட்டுல நிக்குதுன்னு ஒரு பையனைப் படிக்கச் சொல்லுங்க, 200லேர்ந்து 300க்குள்ள நின்னா நல்லா ஓடுதுன்னு பொதுவா சொல்லலாம், 700, 800ன்னு கீழ எறங்காம நின்னா தொட்டிக்கு ஒடம்பு சரியில்ல.

அப்புறம் ஆபரேட்டரோட நோட்டைக் கேளுங்க. தினம் இந்த நம்பரை அவரு எழுதியிருக்கணும். ஒரு மாசத்துக்கும் ஒரே பேனாவுல ஒரே நம்பரா 250, 250ன்னு வரிசையா இருந்துச்சுன்னா பசங்க முன்னாடி ஒண்ணும் கேக்காதீங்க, எனக்கு ஒரு கார்டு போடுங்க.